சும்மா எடுத்த மண்

நுவரெலியாவில் அந்த ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே ஒரு நீள வாங்கு கிடக்கும். சித்தி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் சித்தப்பாவின் இடது கால் செருப்பு.

சித்தப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தச் செருப்பை இனி என்ன செய்வதென்று சித்தியிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் கையிலேயே வைத்திருந்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் வார்டுக் கதவைப் பார்த்தார். நர்ஸ் யாரும் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"கலா, நீ கண்டுபுடிச்ச மருந்து இருக்குல்ல. அதுல கொஞ்சம் ஒரு போத்தல்ல ஊத்திக்கிட்டு வாயேன். இவங்களுக்குத் தெரிய வேணாம். நானே குடுத்துர்றேன்."

நான் மருந்து எதையும் கண்டுபிடித்திருக்கவில்லை. ஆனால் கண்டுபிடித்ததாகச் சித்தி நம்பியதற்குக் காரணம் நான்தான்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் என் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதியபோது, லிந்துலையிலிருந்து ஓர் ஆசிரியை கடிதம் போட்டிருந்தார். 'மண்ணில் மருந்து தேடுகிற வேலை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே, அது என்ன வேலை?' என்று கேட்டிருந்தார். வாரக்கணக்கில் பதிலைத் தள்ளிப்போட்டேன். அந்த வேலையைச் சொல்ல வேண்டுமென்றால் சித்தப்பாவைச் சொல்ல வேண்டும். சித்தப்பாவைச் சொன்னால் அந்த வாங்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

கான் வெட்டுகிறவர்

சித்தப்பாவின் பெயர் சிவலிங்கம். என் அப்பாவின் ஒரே தம்பி. லிந்துலைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் கான் வெட்டுவது அவர் வேலை. தேயிலை மலையில் மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கக் குறுக்கே வெட்டுகிற வாய்க்கால்தான் கான். கான் சரியாக இல்லாவிட்டால் ஒரே மழையில் செடியின் வேர் வெளியே தெரியும்.

அவர் நிறையப் பேசுவார். பகிடி சொல்ல ஆரம்பித்தால், முடிவு வருவதற்கு முன்னமே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். பாதிப் பகிடிகளின் முடிவு இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர் சிரிப்பதைப் பார்த்து நாங்களும் சிரித்துவிடுவோம்.

சித்தப்பாவுக்கும் சித்திக்கும் பிள்ளைகள் இல்லை. சித்தி தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர், கணக்காகப் பேசுவார். அப்பா இறந்த பிறகு, அம்மா வேலையிலிருந்து வரும்வரை, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில்தான் நான் இருப்பேன். பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சைக்கு நான் படித்த வருடம், என்னை யாரும் கூப்பிடக் கூடாது என்று சித்தப்பா லயம் முழுக்கச் சொல்லி வைத்தார். பிறகு அவரே அரை மணிக்கு ஒரு தடவை வந்து, படிக்கிறேனா என்று கூப்பிட்டுக் கேட்டார்.

பல்கலைக்கழகம் முடித்து, கண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. என்ன வேலை என்று சித்தப்பா கேட்டார். மண்ணை ஆராய்கிற வேலை என்றேன்.

"மண்ணு வேலதானா? அத இங்கயே பாத்திருக்கலாமே. நான் சேத்து விட்டிருப்பேன்."

இந்தப் பகிடியை மட்டும் அவர் முழுசாகச் சொல்லி முடித்தார்.

இருபது பைகள்

ஆசிரியைக்கு நான் எழுத வேண்டிய பதில் இதுதான்.

ஒரு பிடி மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும். அதனால் சில பாக்டீரியாக்கள் பக்கத்தில் இருப்பவற்றை அண்ட விடாமல் ஒரு வகை நஞ்சைக் கசிய விடும். நாம் ஆஸ்பத்திரியில் ஊசியாகவும் மாத்திரையாகவும் வாங்குகிற பல கிருமிக்கொல்லிகள் அந்த நஞ்சிலிருந்து வந்தவைதான்.

நோய்க்கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. நாம் அளவில்லாமல் விழுங்கியும், பாதியில் நிறுத்தியும் வந்ததில் அவை அந்த மருந்துகளுக்குப் பழகிவிட்டன. எந்த மருந்துக்கும் சாகாத கிருமிகள் இப்போது வார்டுகளில் இருக்கின்றன. அவற்றைக் கொல்லப் புதிதாக ஏதாவது அகப்படுமா என்று மறுபடியும் மண்ணுக்கே போகிறோம்.

ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகள் இருபது கொடுத்தேன். மலையில் வேறு வேறு இடங்களில் ஒரு கரண்டி மண் எடுத்து, எங்கே எடுத்தது என்று ஒவ்வொரு பையிலும் எழுதித் தரச் சொன்னேன். நானே எடுத்திருக்கலாம். அவர் நான் போக முடியாத சரிவுகளுக்கெல்லாம் தினமும் போகிறவர்.

இரண்டு வாரத்தில் பைகள் பஸ் கண்டக்டர் கையில் கண்டிக்கு வந்து சேர்ந்தன. பேனாவால் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். 'மூணாம் நம்பர் மலை, கான் ஓரம்.' 'பெரிய கல்லுக்குக் கீழ.' 'அட்டை கடிச்ச எடம்.' பதினாறாவது பையில் 'சும்மா எடுத்தது' என்று மட்டும் இருந்தது.

போன் எடுத்து, அது எந்த இடம் என்று கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லை. இருபது பையும் நிரம்ப வேண்டுமே என்று, காட்டோரமாக நடந்து வரும்போது எங்கேயோ அள்ளிப் போட்டிருக்கிறார். ஆய்வுக்கூடப் பதிவேட்டில் நானும் அப்படியே எழுதினேன். என்னோடு வேலை பார்த்த சிங்களப் பிள்ளைகள் அந்தச் சொல்லையே அந்தப் பைக்குப் பெயராகப் பிடித்துக்கொண்டார்கள். "சும்மா வளர்ந்துவிட்டதா?" என்று சிங்களத்தில் விசாரிப்பார்கள்.

தட்டில் ஒரு வட்டம்

மண்ணைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து, கண்ணாடித் தட்டில் உறைந்திருக்கும் கூழின் மேல் பூசுவோம். நாட்கள் போன பிறகு சாம்பலும் வெள்ளையுமாகச் சுண்ணாம்புப் பொட்டுகள் மாதிரி முளைக்கும். மூடியைத் திறந்தால் முதல் மழை விழுந்த வாசம் வரும். அந்த வாசமே இந்தப் பாக்டீரியாக்கள் விடுவதுதான் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒவ்வொரு பொட்டையும் தனியாக வளர்த்து, மருந்துக்குச் சாகாத கிருமியோடு ஒரே தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அநேகமாக ஒன்றும் நடக்காது. கிருமி தட்டு முழுக்கப் பரவியிருக்கும். கழுவி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்போம். மாதக்கணக்கில் அதுதான் வேலை.

தைப்பொங்கல் முடிந்து வேலைக்குத் திரும்பிய ஒரு காலையில் பதினாறாம் பையின் தட்டை எடுத்தேன். பொட்டைச் சுற்றி ஒரு வட்டம். விளிம்பு வெட்டினாற்போலத் தெளிந்திருந்தது. அதற்குள் கிருமி ஒன்றுகூட இல்லை.

எங்கள் பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் வந்ததை நான் கண்டேன். ஆனால் சொன்னது வேறு.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா உது இன்னும் மருந்தில்லைப் பிள்ளை. உது ஒரு வட்டம். ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ."

நான் அன்று மத்தியானமே அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். சித்தப்பா எடுத்த மண்ணில் மருந்து இருக்கிறது என்று சொன்னேன். 'இருக்கலாம்' என்று சொன்னேனா, 'இருக்கிறது' என்று சொன்னேனா என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். 'இருக்கிறது' என்றுதான் சொன்னேன்.

அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார். செய்தி லயம் தாண்டி, கொழுந்து நிறுக்கிற இடம்வரை போனது. பெண்கள் சித்தப்பாவை 'டாக்டரு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. போனில் என்னிடம் பேசும்போது, "டாக்டர் பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். நானும் சிரித்தேன்.

மிச்ச மாத்திரைகள்

மாசி மாதக் கடைசியில், கான் வெட்டும்போது மண்வெட்டி வழுக்கி இடது பாதத்தில் பட்டது. பெரிய வெட்டு இல்லை. கழுவி, துணி சுற்றிக்கொண்டு அடுத்த நாளும் வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுக்குப் போயிருக்கிறார்.

சித்தப்பாவுக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், இருந்தது. காயம் ஆறவில்லை. வீங்கியது. லயத்தில் ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு டப்பாவில் மிச்ச மாத்திரைகள் இருக்கும். பல்வலிக்கு வாங்கியது, பிள்ளையின் காய்ச்சலுக்கு வாங்கியது. பக்கத்துக் காம்பராவில் ஆறு கொடுத்தார்கள். வலி குறைந்ததும் நிறுத்தினார். மறுபடி வீங்கியது. வேறு வீட்டில் வேறு நிறத்தில் நாலு கிடைத்தது.

நான் போனில் விசாரித்தேன். மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டேன்.

"டாக்டருக்கே மாத்திரயா? எல்லாம் போடுறேன்மா."

என்ன மாத்திரை, யார் கொடுத்தது, எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. இதே விஷயத்தைப் பற்றித் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசுகிறவள் நான். அவரிடம் கேட்கவில்லை.

நுவரெலியாவுக்குக் கொண்டுபோனபோது பாதம் கறுத்திருந்தது. காலை எடுத்தார்கள். கிருமி அதற்கு முன்னமே இரத்தத்தில் கலந்துவிட்டது.

வார்டு டாக்டர் சிங்களப் பெண், என் வயதுதான் இருக்கும். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் பரிசோதனைத் தாளை என்னிடமே கொடுத்தார். மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நேரே, அந்த மருந்து பலிக்காது என்று பொருள் தரும் ஒரே எழுத்து. நான் ஆய்வுக்கூடத்தில் தினமும் வளர்க்கிற அதே கிருமி. கடைசியாக வைத்திருக்கிற மருந்தையும் ஆரம்பித்துவிட்டதாகவும், அதை அவருடைய சிறுநீரகம் தாங்குமா என்பது சந்தேகம் என்றும் டாக்டர் சிங்களத்தில் சொன்னார். பிறகு "நங்கி" என்று, தங்கையைக் கூப்பிடுவதுபோலச் சொல்லி, என் தோளைத் தொட்டார்.

வாங்கில் கேட்ட கேள்வி

அன்றைக்குத்தான் சித்தி அந்த மருந்தைக் கொண்டுவரச் சொன்னார்.

அது மருந்து இல்லை என்றேன். தட்டில் கிருமியைக் கொல்வது வேறு, உடம்புக்குள் கொடுப்பது வேறு என்றேன். எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை, எத்தனையோ வருடம் ஆகும் என்றேன். சித்தி கடைசிவரை கேட்டார்.

"தட்டுல சாகுதுல்ல?"

"சாகுது சித்தி. ஆனா அதுவே அவரக் கொன்னுரலாம்."

"இப்ப மட்டும் என்ன நடக்குதாம்?"



கண்டிக்குத் திரும்பினேன். மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், குளிர்பெட்டியைத் திறந்தேன். பதினாறாம் பையின் பாக்டீரியாவை வளர்த்து வடித்த சாறு அங்கே இருந்தது. தேத்தண்ணி நிறம். விரல் நீளக் குழாய் ஒன்றில் ஊற்றி மூடினேன். கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். பேராசிரியரிடம் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

இதை நான் இதுவரை எழுதியதில்லை. செய்யக்கூடாத வேலை. தெரிந்தே செய்தேன்.

ரம்பொடை ஏற்றத்தில் பஸ் திரும்பிக்கொண்டே போனது. பையை மடியில் அணைத்துப் பிடித்திருந்தேன். குழாய் உடைந்துவிடும் என்ற பயம். உடைந்தால் நல்லது என்றும் ஒரு நினைப்பு வந்தது.

சித்தப்பா என்னை அடையாளம் கண்டார். உதடு வெடித்திருந்தது, கண் மஞ்சளாக இருந்தது. கண்டியில் மழையா என்று கேட்டார். பிறகு, எடுத்துவிட்ட காலின் பெருவிரல் அரிக்கிறது என்றார். "இல்லாத வெரலுக்கு யாரப் போயி..." என்று தொடங்கியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடி வந்தார். அதன் முடிவும் எனக்குத் தெரியாது.

வெளியே சித்தி நின்றுகொண்டிருந்தார்.

"கொண்டு வந்தியா?"

குழாய் என் தோள்பையில் இருந்தது. சித்தியின் கைக்கும் அதற்கும் ஒரு முழ தூரம்கூட இல்லை. அந்த நொடியில் எனக்குப் பெரிய யோசனைகள் எதுவும் வரவில்லை. அவர் கையில் கொடுத்தால், சித்தப்பா இறந்தால் சித்திதான் கொன்றதாக ஆகிவிடும் என்று மட்டும் தோன்றியது.

"இல்ல சித்தி," என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் சித்தப்பா போய்விட்டார். அவரோடு கான் வெட்டியவர்கள் தோட்டத்து மயானத்தில் குழி தோண்டினார்கள். அடக்கம் முடிந்து கண்டிக்கு வந்ததும் குழாயை நீராவிக் கொதிகலத்தில் வைத்து அழித்தேன். சாறு கலங்கிப்போனது.

பதில் வந்தது

சித்தி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கருமாதிக்குப் போனபோது எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். எனக்கு வேறொரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். அம்மா சமாதானம் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

ஆடி கழிந்து, அது என்ன பொருள் என்று அறிய வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்த சாற்றின் முடிவு வந்தது. பேராசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். பதினாறாம் பையில் இருந்தது புதிய பொருள் இல்லை. நான் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்னமே கண்டுபிடித்து, மனிதருக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்தது. சிறுநீரகத்தை அழித்துவிடும். மண்ணைத் தோண்டுகிறவர்களுக்கு அடிக்கடி அகப்படுகிற ஒன்று.

"பறவாயில்லை, அடுத்த பையைப் பாப்பம்," என்றார். சித்தப்பாவைப் பற்றி அவருக்குத் தெரியும். குழாயைப் பற்றி அன்றைக்குத் தெரியாது. பிற்பாடு ஒரு நாள் நானே போய்ச் சொன்னேன். அவர் ஆய்வுக்கூடச் சாவிகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் கழித்துத் திருப்பித் தந்தார்.

இன்னும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறேன். சித்தப்பா அனுப்பிய பைகளில் நான்கு பார்க்காமல் இருந்தன. அவற்றையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

முடிவு வந்த அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். சித்தி வேலையிலிருந்து வந்து, காம்பரா வாசலில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். போகச் சொல்லவில்லை. அதனால் சொன்னேன். அந்த மண்ணில் இருந்தது மருந்தில்லை, சிறுநீரகத்தைக் கெடுக்கிற பொருள் என்று சொன்னேன். ஏற்கெனவே சிறுநீரகம் கெட்டிருந்தவருக்கு அதைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே போயிருப்பார் என்றேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அப்படி நிறுத்தினால் நான் செய்தது சரி என்று சொல்லிவிட்டு வந்ததாக ஆகியிருக்கும்.

"அன்னைக்கு நான் கொண்டு வந்திருந்தேன் சித்தி. பையிலதான் இருந்துச்சு. இல்லன்னு பொய் சொன்னேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நாலைந்து மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"பையிலயா?"

"ஆமா."

காலில் அட்டை கடித்த இடத்து இரத்தத்தைப் புடவை முந்தானையால் ஒற்றினார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்கு நான் போன பிறகு சித்தப்பா அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். நாங்கள் வாங்கில் பேசியது எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"புள்ள அத கொண்டாந்துச்சான்னு கேட்டாரு. இல்லன்னேன். நல்லதாப் போச்சுன்னாரு. கொண்டாந்தா அதுக்கு வேல போயிரும், நீ கேக்காத புஷ்பம்னாரு."



"அத ஒங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்," என்றார் சித்தி. "சொன்னா ஒனக்கு ஆறுதலா இருக்கும்னு தெரியும். அதுக்காகவே சொல்லாம வச்சிருந்தேன்."

கீழே ரோட்டில் கடைசி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு திரும்பியது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.